34 ஆண்டுகள் பூட்டி வைக்கப்பட்ட ஒரு படம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



திருவிவிலியத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கடவுள் பேசுகிறார். அவர் தரும் முதல் கட்டளை ஒளியைப் பற்றியது. அந்தக் கட்டளையையே பெயராகக் கொண்ட ஒரு படத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். 'லெட் தேர் பி லைட்' என்பது படத்தின் பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க இராணுவத்துக்காக எடுக்கப்பட்ட ஆவணப்படம் அது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். குருக்களுக்கான ஒரு பயிற்சி நாளில் அதைத் திரையிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட படம். கொஞ்சம் கண்ணயரலாம் என்று எண்ணித்தான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கண்ணயர முடியவில்லை. அன்று இரவும் தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

படத்தை இயக்கியவர் ஜான் ஹூஸ்டன். உங்களில் மூத்தவர்கள் சிலர் 1966-இல் வெளியான 'தி பைபிள்' படத்தைப் பார்த்திருக்கலாம். அதை இயக்கியவரும், அதில் நோவாவாக நடித்தவரும், கடவுளின் குரலாகப் பேசியவரும் இவரே. போர்க்காலத்தில் இவர் இராணுவ அதிகாரியாக இருந்து படம் எடுத்தார். இத்தாலியில் சான் பியெத்ரோ என்ற சிற்றூரைப் பிடிக்க நடந்த சண்டையைப் படமாக்கினார். அதன்பின் இராணுவம் அவருக்கு வேறொரு வேலை கொடுத்தது. மனம் நொறுங்கித் திரும்பி வரும் வீரர்களை வேலைக்கு எடுக்க முதலாளிகள் தயங்கினார்கள். இவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல, குணமடைந்து வேலை செய்யக்கூடியவர்கள் என்று நாட்டுக்கு எடுத்துச் சொல்ல ஒரு படம் வேண்டியிருந்தது. நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்ட் பகுதியில் இருந்த மேசன் பொது மருத்துவமனைக்கு 1945-இல் ஹூஸ்டன் கேமராக்களோடு போய் இறங்கினார். புதிதாக வந்து சேர்ந்த ஒரு கூட்டம் வீரர்களை, வந்த நாள் முதல் வீடு திரும்பும் நாள் வரை படம்பிடித்தார்.

படத்தில் நடிகர் யாரும் இல்லை. எழுதிக் கொடுத்த வசனமும் இல்லை. பின்னணியில் பேசும் குரல் மட்டும் ஒரு நடிகருடையது. அவர் ஹூஸ்டனின் தந்தை வால்டர் ஹூஸ்டன். அமெரிக்கப் படையில் போரில் பாதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரின் காயம் மனத்தைச் சார்ந்தது என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போடுகிறார்கள். ஐந்தில் ஒருவர். கையும் காலும் சரியாக இருக்கும், கட்டுப் போட வேண்டிய இடம் எதுவும் இருக்காது, ஆனாலும் காயம்பட்டவர்.

வீரர்கள் ஒவ்வொருவராக மருத்துவரின் மேசைக்கு அருகில் வந்து உட்காருகிறார்கள். கேமராவைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுகிறார்கள். அவர்களும் பயப்படவில்லை. கேமராவைவிடப் பெரிய பயங்கள் அவர்களிடம் இருந்தன. ஒரு கறுப்பின வீரர் வருகிறார். நல்ல அமைதியான முகம், பண்பான பேச்சு. தன் காதலியிடமிருந்து வந்த ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். தொடங்கிய வாக்கியம் முடியவில்லை, உடைந்து அழுகிறார். அழுவதற்காக வெட்கப்படுகிறார். பரவாயில்லை, அழலாம் என்கிறார் மருத்துவர். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் ஊர்க் குருக்கள் அறுபது பேர் அந்தக் கூடத்தில் இருந்தோம். ஒரு நாற்காலி அசையவில்லை.

இன்னொருவர் நடக்க முடியாதவர். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கால் எலும்பில் குறையில்லை, நரம்பிலும் குறையில்லை. நடிக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. உண்மையிலேயே கால் வரவில்லை. மனம் தாங்க முடியாததை உடல் வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். அவருக்கு சோடியம் அமிட்டால் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, அரைத்தூக்க நிலையில் பேச வைக்கிறார்கள். வீட்டில் நடந்த சண்டை, அம்மாவைப் பற்றிய கவலை எல்லாம் வெளியே வருகிறது. பிறகு மருத்துவர் எழுந்து நடக்கச் சொல்கிறார். நடக்கிறார்.

மூன்றாவது ஆள் திக்குவாய். போருக்கு முன் நன்றாகப் பேசியவர். 'ஸ்' என்ற ஒலியில்தான் நாக்கு சிக்குகிறது. பாய்ந்து வரும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தம் அந்த ஒலியைப் போல இருந்ததாம். அதே மருந்தின் பிடியில் அவர் நாக்கு விடுபடுகிறது. என்னால் பேச முடிகிறது, பேச முடிகிறது என்று கத்துகிறார். நற்செய்தியில் கட்டவிழ்ந்த நாவைப் பற்றிப் பலமுறை வாசித்திருக்கிறேன், மறையுரையும் வைத்திருக்கிறேன். அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

இந்தப் படத்தை அதே இராணுவம் பூட்டி வைத்தது. 1946-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஹூஸ்டன் திரையிடப் போனபோது இராணுவக் காவலர்கள் வந்து படச்சுருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீரர்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அது ஒதுக்கித் தள்ளக்கூடிய காரணம் அல்ல. ஒருவர் மயக்கத்தில் பேசியதை ஊருக்குப் போட்டுக் காட்டலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருகிற எனக்கு அது நன்றாகவே புரியும். ஆனால் ஹூஸ்டன் அதை நம்பவில்லை. போருக்குப் போனவன் முன்பைவிட உறுதியான ஆண்மகனாகத் திரும்புவான் என்ற பெருமைப் பேச்சைக் காப்பாற்றவே தடை போட்டார்கள் என்பது அவர் எண்ணம். 1980 டிசம்பரில்தான் பொதுமக்கள் பார்க்க அனுமதி கிடைத்தது. அதற்குள் கொரியப் போர் வந்து போயிருந்தது, வியட்நாம் போரும் வந்து போயிருந்தது.

அதே 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்த நோய்க்கு அதிகாரபூர்வமான ஒரு பெயரைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று தமிழில் சொல்கிறார்கள். நீளமான பெயர். முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' என்றார்கள், குண்டதிர்ச்சி. இரண்டாம் போரில் போர்க்களைப்பு என்றார்கள். பெயர் வருவதற்கு முன்பும் பின்பும் ஊர் வைத்த பெயர் ஒன்றுதான்: கோழை. முதல் உலகப் போரில் படையை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரிட்டன் சுட்டுக் கொன்ற தன் சொந்த வீரர்களில் 306 பேருக்கு 2006-இல் அரசு மன்னிப்பு வழங்கியது. அவர்களில் சிலருக்கு அந்த நோய்தான் இருந்தது என்று ஒத்துக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று. 1943 ஆகஸ்டில் சிசிலித் தீவில் ஜெனரல் பேட்டன் இராணுவ மருத்துவமனைக் கூடாரங்களைப் பார்வையிடப் போனார். உடலில் காயமில்லாமல் இருந்த இரண்டு வீரர்களை, வெவ்வேறு நாள்களில், கன்னத்தில் அறைந்தார். மேலதிகாரி ஐசனோவரின் கண்டிப்புக்குப் பிறகு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

நான் யாரையும் அறையவில்லை. ஆனால் என் தூக்கம் போனதற்குக் காரணம் அந்த அறைதான்.

நான் முன்பு பணியாற்றிய பங்கில் ஒரு மிலிட்டரிக்காரர் இருந்தார். பணி ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டவர். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். மற்றதை வானொலியில் சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார். திருவிழாத் தேர்ப்பவனியில் சப்பரம் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். கோவில் முற்றத்தில் திடீரென்று அதிர்வேட்டு வெடித்தது. மனிதர் தோளிலிருந்த கம்பை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் குப்புற விழுந்தார். பிறகு எழுந்து இருட்டுக்குள் ஓடினார். சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்து, மாதா சுருபம் விழப் பார்த்தது. மற்றவர்கள் தாங்கிப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் நன்றித் திருப்பலியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? துப்பாக்கிக்கு அஞ்சாதவர் ஓலைவெடிக்கு அஞ்சிவிட்டார் என்று பீடத்திலிருந்து ஒரு வேடிக்கை சொன்னேன். கோவில் முழுவதும் சிரித்தது. கடைசி வரிசையில் அவர் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் அவர் கோவிலுக்கு வரவில்லை. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கோட்டா சரக்குதான் காரணம் என்றார் ஒருவர். பென்ஷன் கொழுப்பு என்றார் மற்றொருவர். நானும் விசாரிக்கப் போகவில்லை. பயிற்சி முடிந்து வந்த மறுவாரம் அவருடைய மனைவி வேறு ஏதோ சான்றிதழுக்காகப் பங்கு அலுவலகத்துக்கு வந்தபோது, வாய்விட்டு விசாரித்தேன். அந்த அம்மா நின்றுகொண்டே பேசினார். பதினைந்து வருடமாக அவர் அறையில் படுப்பதில்லையாம். திண்ணையை ஒட்டிய கூடத்தில், வாசற்கதவைப் பார்த்தபடிதான் படுக்கை. தூக்கத்தில் இருக்கும்போது கிட்டப் போய்த் தொடக்கூடாது. தூரத்தில் நின்று கம்பால் பாதத்தைத் தட்டித்தான் எழுப்ப வேண்டும். ஒருமுறை தெரியாமல் தோளைத் தொட்ட மகனின் கழுத்தைப் பிடித்துவிட்டார். விழிப்பு வந்ததும் மகனின் காலில் விழுந்து அழுதார். "குடிக்கிறது நெசந்தான் சாமி, குடிச்சாத்தான் அந்த மனுசனுக்குக் கண்ணு மூடுது" என்றார் அந்த அம்மா.

இதில் மாயமோ பேய்க்கோளாறோ எதுவும் இல்லை. ஆபத்து வரும்போது உடலை விழிக்க வைக்கும் ஒரு மணி நம் எல்லோர் மூளையிலும் இருக்கிறது. அது அடிக்கும்போது இதயம் வேகமாகத் துடிக்கும், கைகால்கள் பாய்வதற்கோ ஓடுவதற்கோ ஆயத்தமாகும். யோசிக்கிற பகுதி அதன் பிறகுதான் வந்து சேரும். போர்முனையில் அந்த மணி மாதக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கிறது. அடித்ததால்தான் அந்த மனிதன் உயிரோடு இருக்கிறான். வீட்டுக்கு வந்த பிறகும் அதற்கு நிற்கத் தெரியவில்லை. ஒரு வெடிச்சத்தம், டீசல் வாடை, கருகிய நாற்றம் எதுவாவது போதும். பழைய நிகழ்ச்சி அவன் நினைவுக்கு வருவதில்லை, மீண்டும் நடக்கிறது. இதை வீட்டார் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். சுனாமியில் பிழைத்தவர்களிடமும், விபத்தில் தப்பியவர்களிடமும், அடிபட்டு வாழும் பெண்களிடமும் இதே மணி அடிப்பதுண்டு.

படத்தின் மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. குணம் அதில் மிக விரைவாக வந்துவிடுகிறது. ஊசி போட்டதும் நடக்கிறார், ஊசி போட்டதும் பேசுகிறார், கடைசியில் எல்லோரும் பேஸ்பால் ஆடிவிட்டு, பேருந்தில் ஏறிக் கையசைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். நடக்க வந்துவிட்டதால் நோய் தீர்ந்ததாக ஆகாது என்று பின்னணிக் குரல் நேர்மையாகவே சொல்கிறது. ஆனால் கண் பார்ப்பதைக் காது மாற்ற முடிவதில்லை. அந்த ஊசி முறையை மருத்துவர்கள் இன்று பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களோடு பல மாதம் பேசுவதும், தேவைப்பட்டால் மருந்தும்தான் இன்றைய வழி. ஒரே இரவில் எல்லாம் தீரும் என்று மேடை போட்டுச் சொல்பவர்களிடமும் இதே அவசரத்தை நான் பார்க்கிறேன். மேடையில் எழுந்து நடந்தவர் அடுத்த மாதம் எப்படி இருக்கிறார் என்று போய்ப் பார்க்க அங்கே யாரும் இருப்பதில்லை.

இன்னொன்றையும் படம் அதிகம் தொடவில்லை. அதில் வரும் வீரர்கள் பெரும்பாலும் தங்களுக்கு நேர்ந்ததைப் பேசுகிறார்கள். தாங்கள் செய்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. வியட்நாம் வீரர்களுக்குப் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதை அறநெறிக் காயம் என்று தனியாகப் பெயரிட்டுப் பேசினார். பயத்தின் காயம் வேறு. என் கையால் இப்படி நடந்துவிட்டதே, அல்லது நான் நம்பியவர்கள் என்னைக் கொண்டு இப்படிச் செய்ய வைத்தார்களே என்ற காயம் வேறு. இந்த இரண்டாவது காயத்தைத் திருச்சபை பழங்காலம் தொட்டே அறிந்திருக்கிறது.

எண்ணிக்கை நூல் 31-ஆம் அதிகாரத்தில், போரிலிருந்து திரும்பியவர்கள் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தங்கித் தூய்மை செய்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. வெற்றி பெற்று வந்தவர்களுக்குத்தான் இந்தச் சட்டம். நான்காம் நூற்றாண்டில் புனித பேசில், போரில் கொல்வதைக் கொலையாக எண்ணாதபோதும், அப்படிக் கொன்றவர்கள் மூன்று ஆண்டுகள் நற்கருணை வாங்காமல் இருப்பது நல்லது என்று ஆலோசனை எழுதினார். 1066-இல் இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் போர் நடந்தது. அதில் வென்ற நார்மானிய வீரர்களுக்கு அவர்களுடைய ஆயர்களே தவமுயற்சி விதித்தார்கள். திருத்தந்தையின் தூதராகிய ஆயர் எர்மன்ஃப்ரிட் அதை உறுதிசெய்தார். கொன்றது தெரிந்தால் ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டு. அடித்தவர் இறந்தாரா இல்லையா என்று தெரியாவிட்டால் ஆளுக்கு 40 நாள். அம்பு எய்தவர்களுக்கு, யார்மேல் பட்டது என்றே தெரியாதல்லவா, அவர்களுக்கு மூன்று தவக்காலங்கள்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். மளிகைக்கடைச் சிட்டை மாதிரி இருக்கிறதே என்று. இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு ஒன்றும் ஆகவில்லை, வெற்றி பெற்றாய், போய் வேலையைப் பார் என்று அந்த ஆயர்கள் சொல்லவில்லை. நீ சுமந்து வந்திருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும் என்றார்கள். செய்வதற்கு ஒன்றைக் கொடுத்தார்கள். அது முடிவதற்கு ஒரு நாளையும் குறித்தார்கள். அதே முறையை இன்று ஒரு வீரர்மேல் சுமத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே தன்னைத் தீர்ப்பிட்டுக்கொண்டு இருப்பவரை நாமும் தீர்ப்பிடக் கூடாது. ஒப்புரவு அருளடையாளம் மனநல மருத்துவருக்குப் பதிலாகாது, மருத்துவர் குருவுக்குப் பதிலாக மாட்டார். இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடிய எலியா. ஈசபேலுக்குப் பயந்து ஓடினார் என்று மட்டும் பிரசங்கம் வைப்போம். நானும் அப்படித்தான் வைத்தேன். ஒரு பக்கம் முன்னால் திருப்பினால், கீசோன் ஓடையருகே பாகாலின் வாக்கினர்களைக் கொன்றுவிட்டு வந்தவர் அவர். வெற்றிபெற்ற கையோடு சாவைக் கேட்கிறார். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. சுட்ட அப்பம், ஒரு குவளைத் தண்ணீர், தூக்கம். மறுபடியும் எழுப்பி அப்பம், தண்ணீர். கடவுளின் மென்மையான குரல் அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். அன்று பீடத்திலிருந்து நான் பேசியது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "டீ குடிக்கிறீங்களா சாமி" என்று கேட்டார். குடித்தேன். மூன்றாம் முறை போனபோதுதான் வாய் திறந்தார். என்ன சொன்னார் என்பது எங்கள் இருவருக்குள். அவருடைய மகன் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவமனைக்கு அவரை அழைத்துப் போனார். அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். இப்போதும் போய்வருகிறார். குடி குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. படுக்கை இன்னும் கூடத்தில்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவித் தொலைபேசி உண்டு. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

அடுத்த திருவிழா வந்தபோது வேட்டையே நிறுத்திவிடலாமா என்று அவரிடமே கேட்டேன். "வேண்டாம் சாமி, ஊருக்கு வருசத்துல ஒரு நாள் சந்தோசம். எத்தனை மணிக்குப் போடுவாங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லிட்டா போதும்" என்றார். அந்த ஆண்டிலிருந்து திருவிழா அழைப்பிதழில் கொடியேற்றம், நற்கருணைப் பவனி, தேர்ப்பவனி ஆகியவற்றோடு வெடி போடும் நேரத்தையும் அச்சிடுகிறார்கள். இரவு 9 மணி, குளத்தங்கரையில். அவர் எட்டேமுக்காலுக்கு மனைவியோடு வீட்டுக்குப் போய்விடுவார். வெடி முடிந்து புகை அடங்கியதும் திரும்பி வந்து, சப்பரத்தின் பின்பக்கக் கம்பில் தோள் கொடுப்பார்.